சட்டைக்குள் நாலு தையல்

ஜூலை 7, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரியில் கவுன்சலிங் செய்கிற பெண், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் மனதில் தோன்றுவதை எழுதிவையுங்கள் என்றாள். என் மனதில் தோன்றுவது மட்டன் பிரியாணி ஒன்றுதான், அதை எழுதலாமா என்று கேட்டேன். அவள் சிரிக்காமல், "அதையும் எழுதுங்க சார்" என்றாள். எழுதிவிட்டேன்.

என் பெயர் ஸ்தனிஸ்லாஸ். தூத்துக்குடியில் தனிஸ் என்றால்தான் தெரியும், குண்டு தனிஸ் என்றால் இன்னும் சீக்கிரம் தெரியும். வயது ஐம்பத்தாறு. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். எடை நூற்று முப்பத்தெட்டு. முட்டி தேய்ந்துவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். நின்றால் என் மனைவி பிரகாசி விலாவில் முழங்கையால் ஒரு இடி இடிப்பாள், வண்டி மறுபடி கிளம்பிவிடும். எனக்கு இதெல்லாம் தெரியாது. இருபது வருடமாக இடிக்கிறவளுக்குத்தான் தெரியும்.

சென்னையில் நர்ஸாக இருக்கும் மகள் மெர்லின்தான் ஏற்பாடெல்லாம் செய்தாள். "என்னைக்காவது அம்மா அசந்து தூங்கிட்டா என்னப்பா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். ஆபரேஷன் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். பிரகாசி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "மாதா பாத்துக்கிடுவா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தையல் மிஷினில் போய் உட்கார்ந்தாள். எங்கள் தெருவுக்கே பிளவுஸ் தைக்கிறவள் அவள்.

ஜூலை 8, செவ்வாய்

நாளை காலை ஆபரேஷன். வயிற்றில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு வாழைப்பழம் அளவுக்கு மிச்சம் வைப்பார்களாம். எந்த வாழைப்பழம், நேந்திரமா ஏலக்கியா என்று டாக்டரிடம் கேட்டேன். இந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் சிரிக்கத் தெரியவில்லை.

கட்டிலில் படுத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போன நாளை நினைத்துக்கொண்டிருந்தேன். பிரகாசிக்கு அப்போது மூன்று வரன். ஒருவன் துபாய், ஒருவன் பள்ளிக்கூட வாத்தியார், மூன்றாவது நான். அவர்கள் இருவரும் ஒல்லியாக, பார்க்க லட்சணமாக இருந்தார்களாம். நான் அப்போதே நூற்றுப் பத்து கிலோ. பிரகாசி வீட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவள் அத்தை, "மூணு பேர்ல எவன்ளா?" என்று கேட்க, "அந்தக் குண்டு ஆளு" என்றாளாம். ஏன் என்றதற்கு, "அவரு தேய ரொம்ப நாளாகும்லா" என்றாளாம்.

சொந்தத்தில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாண வீடுகளில் நானே எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். பிரகாசி மட்டும் சிரிக்கமாட்டாள், பந்தியில் யாருக்கு என்ன வேண்டும் என்று பார்க்கப் போய்விடுவாள். வெட்கம்.

ஜூலை 10, வியாழன்

மருந்துப் பாட்டில் மூடியால் ஒரு மூடி தண்ணீர். குடித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. வயிறு நிறைந்துவிட்டது.

ஜூலை 14, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப், புரோட்டீன் பவுடர். பவுடர் டப்பாவில் வெனிலா என்று போட்டிருக்கிறது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீட்டின் வாசனைதான் வருகிறது.

பார்க்க வந்தவர்களில் பெரியவர்கள் எல்லாம் தழும்பைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு வேறு கவலை. "மாமா, நீங்க ஒல்லியாயிட்டா கிறிஸ்துமஸ் தாத்தா யாரு?"

நியாயமான கேள்வி. முப்பது வருடமாக எங்கள் கோயில் கேரல் குழுவில் நான்தான் தாத்தா. முகமூடி போட்டு என்ன பிரயோசனம், தொப்பை காட்டிக்கொடுத்துவிடும். டிரம் சத்தத்துக்கு நான் தொப்பையைக் குலுக்கினால்தான் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் பிறக்கும்.

அந்தச் சிவப்பு சாட்டின் உடுப்பைப் பிரகாசி கல்யாணமான முதல் டிசம்பரில் தைத்தாள். அளவெடுக்க நான் டேப்பைத் தேடினேன். "டேப் எதுக்கு?" என்று கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிப்பிடித்தாள். அவள் குள்ளம். கைகள் என் முதுகுக்குப் பின்னால் சேரவில்லை. "நாலு விரக்கடை குறையுது" என்று சொல்லி, அந்தக் கணக்குக்கே துணியை வெட்டினாள். தைத்துப் போட்டால் கச்சிதம். அதிலிருந்து வருடாவருடம் அதே அளவுதான். நாலு விரக்கடை ஒரு சாணாயிற்று. போன வருடம் ஒரு முழத்தைத் தொட்டது. உடுப்பின் இரண்டு பக்கமும் வருடத்துக்கு ஒரு பட்டைத் துணி ஏறும். எந்தப் பட்டையும் இன்னொரு பட்டையின் சிவப்போடு ஒத்துப்போகாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா திருவிழா. தெரு முழுக்கப் பிரியாணி வாசனை. எனக்குக் குழைத்த சாதம் மூன்று ஸ்பூன். மூன்றாவது ஸ்பூனில் வயிறு போதும் என்றது. நாக்கு என்ன பாவம் செய்தது என்று தெரியவில்லை.

சாயங்காலம் சப்பரம் பார்க்கப் போனோம். முன்பெல்லாம் மெர்லினைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் முன்னால் போவேன், கூட்டம் தானாக விலகும். பிரகாசி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். "ஒங்க பின்னால வந்தா ஒருத்தரும் இடிக்கமாட்டாவ" என்பாள். மெர்லின் வளர்ந்து சென்னைக்குப் போன பிறகும் பிரகாசி அப்படித்தான் வருவாள். அந்தப் பிடியில் ஒரு சந்தோஷம் எனக்கு. ஏதோ கப்பலை இழுத்துப்போகிறவன் மாதிரி நடப்பேன்.

இன்றும் பிடித்தாள். சட்டை அவள் கையோடு ஒரு முழம் பின்னால் போனது. விட்டுவிட்டாள். பிறகு பக்கத்தில்தான் நடந்து வந்தாள். இவ்வளவு கூட்டத்தில் என்ன செய்ய முடியும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மதுரையில் முதல் செக்கப். பதினான்கு கிலோ குறைந்திருக்கிறது. வீட்டில் எடை பார்க்கக் கூடாதாம், மனது கெட்டுவிடுமாம். இனி அக்டோபரில் வந்தால் போதும். நடுவில் எடை இறங்காமல் நின்றுபோகும் காலம் ஒன்று வரும், பயப்படாதீர்கள் என்று டயட்டீஷியன் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பிரகாசியின் முன்னால் கைகளை விரித்து நின்றேன். சட்டை துவைத்துக் காயப்போட்டதைப் போலத் தொங்கியது. "பாத்தியா, ஒன் புருஷன் கதாநாயகனாயிட்டான்." அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

குறட்டை நின்றுவிட்டது. மெர்லினிடம் போனில் சொன்னால் அழுகிறாள். பிரகாசிக்குத்தான் தூக்கம் போய்விட்டது. விடிகாலையில் கண் விழித்தால் என் மூக்குக்குக் கீழே அவள் விரல். "சத்தமே இல்ல, அதான் பாத்தேன்" என்கிறாள். குறட்டை இருந்தவரை இடி, நின்றபிறகு விரல். ஒரு மனிதன் எப்படித்தான் தூங்குவது என்று கேட்டேன். கண் சிவந்திருக்கிறது, பாவம். திருவிழா பிளவுஸெல்லாம் முடிந்தும், நான் மத்தியானம் கண் அயரும்போது மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசைக்கு நீலச் சட்டை போட்டுப் போனேன். போன மாதம் தொங்கிய சட்டை இன்று உடம்போடு ஒட்டி நிற்கிறது. சாம்பல் சட்டையும் அப்படியே. பேண்டும் இறுக்கம்தான். (எனக்குப் பெல்ட் ஆகாது. பேண்டெல்லாம் பிரகாசி எலாஸ்டிக் வைத்துத் தைத்தவை.)

நிற்கும் காலம் வந்துவிட்டது போல.

செப்டம்பர் 28, ஞாயிறு

இரண்டு வாரமாக அதே இறுக்கம். கோயிலில் எல்லோரும் "நல்லா இளைச்சிட்டியே தனிஸ்" என்கிறார்கள். ஊர் வாய்க்கு என்ன, போன வருடம் ஊதிப் போயிருந்தபோதும் இதையேதான் சொன்னது. என் சட்டை பொய் சொல்லாது. சவரம் செய்கிற கண்ணாடியில் தாடைக்கு மேல்தான் தெரிகிறது. இடுப்பில் கட்டுகிற சாரம் ஒரு மடிப்பு கூடுதலாகச் சுற்றுகிறது, துவைத்துத் துவைத்துத் துணி இளகியிருக்கும்.

வயிற்றை அறுத்தும் இளைக்காதவன் என்று பெயர் வாங்கப் போகிறேன். மெர்லினுக்கு என்ன பதில் சொல்வது? சாப்பாட்டை இன்னும் குறைக்க வேண்டியதுதான். நாளையிலிருந்து காலை முட்டை பூனைக்கு. பவுடர் வாஷ்பேசினுக்கு. பிரகாசியிடம் சொல்லவில்லை. முன்பு திருட்டுத்தனமாகச் சாப்பிட்டேன், இப்போது திருட்டுத்தனமாகப் பட்டினி கிடக்கிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

பூனை நன்றாகக் கொழுத்திருக்கிறது. எனக்கு மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிறது. சட்டை அதே இறுக்கம்.

அக்டோபர் 10, வெள்ளி

நேற்று ஆபீஸில் விழுந்துவிட்டேன். கண் விழித்தால் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பிரகாசி கட்டிலின் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. குளுக்கோஸை அவளுக்கு ஏற்றியிருக்கலாம்.

காலையில் மெர்லின் வந்துவிட்டாள். என்னைத் தாங்கிப் பிடித்து எடை மெஷினில் ஏற்றினார்கள். நூற்றுப் பன்னிரண்டு. ஆபரேஷனிலிருந்து இருபத்தாறு கிலோ இறங்கியிருக்கிறேன், அதில் நல்ல பங்கு, எதுவுமே இறங்கவில்லை என்று நான் நினைத்த நாட்களில். மதுரை டாக்டர் போனில் காய்ச்சி எடுத்துவிட்டார். சாப்பிடாமல் சாகவா ஆபரேஷன் பண்ணினேன் என்று கேட்டார்.

"நின்னுபோச்சுன்னு ஏன்ப்பா நினைச்சீங்க?" என்றாள் மெர்லின். சட்டை இறுக்கமாகவே இருந்ததே என்றேன். அவள் என் நீலச் சட்டையை எடுத்து மடிக்கப் போனவள், உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தபடி நின்றுவிட்டாள். பிறகு என்னிடம் கொடுத்தாள்.

விலாத் தையலுக்குப் பக்கத்தில் இன்னொரு தையல். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டு பக்கமும் நாலு நாலு வரி. உள்ளே மடிந்திருந்த துணி மட்டும் என் உள்ளங்கை அகலம் இருந்தது. வளையாத, நெருக்கமான தையல். யார் கை என்று நான் கேட்க வேண்டியதில்லை.

பிரகாசி காபி வாங்கி வருகிறேன் என்று போயிருந்தாள். நானும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்த்தேன். எல்லாச் சட்டையிலும் அதேதான். கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். செத்துப் போயிருப்பேனே. நீலச் சட்டையைப் புரட்டி எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இது என்ன பிரகாசி?"

அவள் நிமிரவில்லை. "வெட்டல. ஒண்ணையும் வெட்டல. பிரிச்சா பழைய அளவுக்கு வந்துரும்."

"பழைய அளவுக்கு எதுக்கு வரணும்?"

கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். பிறகு சொன்னாள். இத்தனை வருடத்தில் எனக்குச் சொல்லாததை.

"எங்கப்பா மீன் ஏலம் கூவுத ஆளு, ஒங்களுக்குத் தெரியும். வயித்துல கட்டி வந்து இறந்தாவ, அதுவும் தெரியும். ஆளு வத்திப்போனா படகுக்காரவ வேற ஆளப் பாத்துருவாவன்னு, 'எம்மா, சட்டையக் கொஞ்சம் பிடிச்சுத் தச்சுத் தா, ஒங்கம்மைக்குத் தெரியாண்டாம்'னு எங்கிட்ட தந்தாவ. பிடிச்சுக் குடுத்தேன். திரும்பத் தந்தாவ. திரும்பப் பிடிச்சேன். அம்மைக்கும் தெரியல, தெருவுக்கும் தெரியல. எனக்கு மட்டும்தான் தெரியும், எவ்வளவு பிடிச்சிருக்கேன்னு. கடைசில துணிதான் மிச்சம் இருந்துச்சு."

புரட்டிய சட்டையை மறுபடி நேராகத் திருப்பினேன்.

"ஒங்க சட்டை தொங்குனா அப்பா வந்து நிக்க மாதிரி இருக்கு. கொஞ்சம் பிடிச்சுவிட்டா நீங்களா இருக்கீய. அதான் பிடிச்சேன். அதப் பாத்து நீங்க பட்டினி கெடப்பீயன்னு எனக்கு என்ன தெரியும்?"

"நான் சாகதுக்கு இளைக்கல பிரகாசி. இருக்கதுக்குத்தான் இளைக்கேன்."

"அது எனக்கும் புரியுது. கண்ணுக்குத்தான் புரிய மாட்டேங்கு" என்றாள்.

அவள் அழுதாள். நானும் அழுதேன். பூனை நெத்திலியில் பாதியைத் தின்றுவிட்டது.

அவரு தேய ரொம்ப நாளாகும்லா. இதை எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருப்பேன். அப்பனைப் புதைத்து இரண்டு வருடம்கூட ஆகாத பெண் கதவுக்குப் பின்னால் நின்று சொன்ன வார்த்தை அது. இனி அதைச் சொல்லமாட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் முட்டை. அவள் எதிரே உட்கார்ந்து நான் விழுங்கும்வரை பார்த்தாள். பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியிருந்தாள்.

நவம்பர் 9, ஞாயிறு

எல்லாச் சட்டையையும் பிரித்துவிடச் சொன்னேன். பிரித்தாள். இப்போது வீட்டுக்குள் பந்தல் நடமாடுகிறது. காலையில் காபி கொடுக்கும்போது என்னைப் பார்க்கிறாள். முதலில் கண்ணை எடுத்துவிடுவாள். இன்று டம்ளரைக் காலி செய்யும்வரை பார்த்தாள்.

"என்ன தெரியுது?" என்றேன்.

"மூக்கு பெருசா தெரியுது" என்றாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தாள். வெளிர் பச்சையில் சட்டைத் துணி எடுத்தாள். யாருக்கு என்று கேட்டேன். "வீட்டுல எத்தனை ஆம்பள இருக்காவ?" என்றாள்.

வீட்டுக்கு வந்து துணியை மிஷின்மேல் விரித்தாள். கத்திரியை எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். டேப் ஆணியில்தான் தொங்கியது. நான் எடுத்துக் கொடுக்கப் போனேன்.

"டேப் எதுக்கு?" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். முப்பது வருடத்தில் அவளுக்கும் தலை நரைத்துவிட்டது, உச்சி என் நெஞ்சுக்கு இன்னும் கொஞ்சம் கீழே போய்விட்டது. அதே எண்ணெய் வாசனை. கைகள் இரண்டு பக்கமும் போயின. எனக்கு எதுவும் தெரியவில்லை, பின்னால் நடக்கிற காரியம். பிறகு முதுகில் ஒரு விரல் இன்னொரு விரலைத் தொட்டது தெரிந்தது. தொட்டது விலகியது. மறுபடி தொட்டுக் கோத்துக்கொண்டது.

"சேந்துட்டு" என்றாள். விடவில்லை. அவள் குரல் என் சட்டைக்குள்ளேயே போனது.

சேர்ந்துதான் விட்டது. நான் நினைத்தது என்னவென்றால், கல்யாணமான நாளிலிருந்து இவள் என்னை முழுதாகக் கட்டிப்பிடித்ததே இல்லை.

பிறகு போய்த் துணியை வெட்டினாள். யோசிக்காமல், ஒரே ஓட்டமாக. உள்ளே மடித்து வைக்க ஒரு விரக்கடைகூட மிச்சம் விடவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

கேரல். சிவப்பு உடுப்பில் பிரகாசி கை வைக்கவில்லை. "அது முப்பது வருசத் துணி, அப்படியே கெடக்கட்டும். ஒல்லித் தாத்தாவப் பாத்தா பிள்ளைய பயந்துரும்" என்று என் தலையணையை வயிற்றில் வைத்துக் கட்டிவிட்டாள். இத்தனை வருடம் சொந்தச் சரக்கு, இந்த வருடம்தான் வேஷம்.

டிரம் அடித்தார்கள். குலுக்கினேன். தலையணைக்குத் தாளம் பிடிபடவில்லை. ஆனால் முட்டி வலிக்கவில்லை, ஒரு தெருவில்கூட நாற்காலி கேட்கவில்லை. எங்கள் தெருவுக்கு வந்ததும் பிள்ளைகள் வயிற்றைக் குத்திப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டார்கள். "இது தலகாணி. இது தனிஸ் மாமா இல்ல. குண்டு மாமா எங்க?"

மிட்டாயை அள்ளி நீட்டினேன். ஒருவனும் வாங்கவில்லை.

பிரகாசி வாசலில் நின்றாள். இறங்கி வந்தாள். எல்லோரும் பார்க்க என் முகமூடியைக் கழற்றி, "நல்லா பாருங்கல. இவுகதான். எங்க வீட்டு ஆளு" என்றாள். சொல்லும்போது பிள்ளைகளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள், கண்ணை எடுக்காமல்.

அதன்பின் மிட்டாய் போதவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

பச்சைச் சட்டை போட்டுப் பூசைக்குப் போய்வந்தேன். உடம்புக்கு உடம்பாக நிற்கிறது. மத்தியானம் பிரியாணி. நான் நாலு வாய். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு திருவிழாவை நினைத்துக்கொண்டு மென்றேன். மிச்சத்தை மெர்லின் பார்த்துக்கொண்டாள்.

சாப்பிட்டுவிட்டுப் பிரகாசி பாயை விரித்துப் படுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஏதோ சத்தம். மாடியில் யாரோ மேஜையை இழுக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

பிரகாசி குறட்டை விடுகிறாள். வாயைப் பிளந்துகொண்டு, நல்ல கனமான குறட்டை.

முப்பது வருடமாகப் பக்கத்தில் படுத்திருக்கிறேன், இவளுக்குக் குறட்டை வரும் என்று எனக்குத் தெரியாது. மெர்லின் எட்டிப் பார்த்து, "அம்மாவா?" என்றாள். சத்தம் போடாதே என்று கை காட்டினேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அவள் எழுந்திருக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.